தலைகுனிந்து வருபவருக்கு நாற்காலி போடுங்கள்

எங்கள் ஈரோட்டில் மஞ்சளுக்கு இருக்கும் மரியாதை வேறெதற்கும் கிடையாது. மண்டியில் அதுதான் ராஜா. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் அதைத்தான் தடவுகிறோம். ஆனால் அதே ஊரில் ஒருவரைப் பற்றி ‘மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாராம்’ என்று சொல்லும்போது, சொல்பவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

நான் இந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் 40 ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகிறேன். நிலத் தகராறுக்கு வருபவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார். பாகப்பிரிவினைக்கு வருபவர் கோபத்தோடு வருவார். தலையைக் குனிந்துகொண்டு, இருட்டிய பிறகு, குமாஸ்தா போய்விட்டாரா என்று பார்த்துவிட்டு வருபவர்கள் இரண்டு பேர். கடன் தாங்காமல் ஐ.பி., அதாவது ஊர் மஞ்சள் கடுதாசி என்று சொல்லும் நொடிப்பு மனு, போட வருபவர் ஒருவர். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர் இன்னொருவர். சில சமயம் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருப்பார்.

இந்த ஆண்டு கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்துக் கற்றதும் இதில் உண்டு. பிழை செய்து கற்றதும் உண்டு. அந்தப் பிழையைப் பதினோராவது அறிவுரையில் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் உட்கார வையுங்கள்

வந்தவரிடம் கேஸ் கட்டைக் கேட்பதற்கு முன் நாற்காலியைக் காட்டுங்கள். தண்ணீர் கொடுங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். உபசாரத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவமானத்தில் நிற்பவர் பாதி உண்மையைத்தான் சொல்வார். அந்தப் பாதியை வைத்து நீங்கள் எழுதும் மனு, குறுக்கு விசாரணையில் முழுதாகச் சரியும்.

மனைவியையோ அண்ணனையோ கூட அழைத்து வந்திருந்தால், பத்து நிமிடம் அவரிடம் தனியாகவும் பேசுங்கள். மனைவிக்குத் தெரியாத கடன் ஒன்றும், அண்ணனுக்குத் தெரியாத பழக்கம் ஒன்றும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வெளியே வரும்.

2. ‘எவ்வளவு கடன்’ என்று கேட்காதீர்கள். ‘யார் யாருக்கு’ என்று கேளுங்கள்

மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் குறைத்துச் சொல்வார்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள்: யாரிடம், எப்போது, எதை வைத்து, இதுவரை எவ்வளவு கொடுத்தது. வங்கி, கூட்டுறவுச் சங்கம், நகைக் கடன், சீட்டு எடுத்த பாக்கி, கைமாற்று, நூல் கொடுத்த முதலாளிக்கு நிற்பது, மைக்ரோ பைனான்ஸ், வாரவட்டி, செல்போன் செயலியில் வாங்கியது என்று ஒவ்வொன்றாக நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். அடுத்தவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதையும் கேளுங்கள். அதைக் கடன் என்றே பலர் நினைப்பதில்லை.

பட்டியலில் எப்போதும் விடுபடுவது மச்சானிடம் வாங்கியது. ‘அவர் நம்ம ஆளுங்க, அவரை எதுக்குக் கோர்ட்டுக்கு இழுக்கறது’ என்பார்கள். விடக் கூடாது. எல்லாக் கடனையும் எல்லாச் சொத்தையும் கணக்குப் புத்தகங்களையும் நீதிமன்றத்தின் முன் வைப்பது நொடித்தவரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. ஒருவரை விட்டால், விடுபட்டவர் மீது பிரியம் என்று நீதிபதி நினைக்க மாட்டார். மறைப்பு என்றுதான் நினைப்பார்.

3. எந்தச் சட்டம் என்று பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்

நம் நாட்டில் தனிமனிதரின் நொடிப்புக்கு ஒரே சட்டம் இல்லை. நம்மைப் போன்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை, மும்பை, கொல்கத்தா மாநகரங்களுக்கு 1909ஆம் ஆண்டின் இராஜதானி நகரங்கள் நொடிப்புச் சட்டம். அங்கே மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். சொத்தைப் பொறுப்பேற்பவர் அபிஷியல் அசைனி. இங்கே சப்-கோர்ட்டில் ஐ.பி.; சொத்து அபிஷியல் ரிசீவரிடம்.

2016இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு வந்தது. நிறுவனங்கள் அதன்படிதான் தீர்ப்பாயத்துக்குப் போகின்றன. தனிமனிதர்களுக்கான பகுதியோ, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே பிரைவேட் லிமிடெட் நடத்தியவர் வந்தால், வங்கியில் என்னென்ன தாளில் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. தறி முதலாளி, மளிகைக் கடைக்காரர், விவசாயி என்றால் பழைய சட்டம். ஒவ்வொரு முறையும் அரசிதழைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். போன வருடத்து மனுவைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள்.

4. ஐ.பி. எதைத் தரும், எதைத் தராது என்று முதல் நாளே சொல்லுங்கள்

மனு போட்ட மறுநாளே கடன் கொடுத்தவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று மக்கள் நம்புகிறார்கள். அப்படியில்லை. மனு தாக்கலாவது ஒரு கட்டம். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவிப்பது வேறு கட்டம். அறிவித்த பிறகுதான் சொத்து ரிசீவர் கைக்குப் போகும். அதற்குப் பிறகுதான் கடன் கொடுத்தவர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தனியாக வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

தராதவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வீட்டை அடமானம் வாங்கிய வங்கியின் கையை ஐ.பி. கட்டாது. ஜாமீன் போட்டவரை விடுவிக்காது. அரசுக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் வந்த கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை கடனிலிருந்து விடுதலை தரும் உத்தரவுக்குப் பிறகும் நிற்கும். செக் திரும்பிய வழக்கு குற்ற வழக்கு. அது தன் வழியில் ஓடும்.

பயந்திருப்பவரிடம் அவருக்கு மிஞ்சுவதையும் சொல்லுங்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கிய எதையும் ரிசீவரும் எடுக்க முடியாது. உடுத்திய துணி, படுக்கை, சமையல் பாத்திரம், கைத்தொழில் செய்பவரின் கருவிகள், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி எல்லாம் அவர்களுடையவை. ‘தாலியைக் கழட்டச் சொல்வாங்களா’ என்று கேட்டு அழுத ஒரு பெண்மணிக்கு இந்தப் பிரிவைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அந்தப் பயத்தோடுதான் அவர் மூன்று மாதம் வெளியே வராமல் இருந்திருக்கிறார்.

5. ஏழ்மைக்குச் சிறை கிடையாது என்பதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்

டிக்ரி ஆகி, நிறைவேற்று மனுவில் கைது வாரண்ட் வந்துவிட்டால் கட்சிக்காரர் நடுங்கிப்போவார். 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பைப் படியுங்கள். கொடுக்க வழியில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிவில் சிறையில் அடைக்கக் கூடாது; கொடுக்க வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு ஏய்த்தார் என்று காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். கைதாகி வந்தவரிடம், நொடித்தவராக அறிவிக்கக் கோரலாம் என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும் என்றும் சிவில் நடைமுறைச் சட்டம் விதித்திருக்கிறது. ஆமீன் வாசலில் நிற்கும்போது உங்களுக்கு இது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அது வேறு வழக்கு. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஐ.பி. மனுவோடு அதைக் குழப்பாமல், தனியாகப் புகார் எழுதிக் கொடுங்கள்.

6. கடைசி வாரத்தில் யார் பெயருக்கும் எழுதிவைக்க விடாதீர்கள்

‘வீட்டை மட்டும் சம்சாரத்து பேர்ல செட்டில்மென்ட் எழுதிட்டு வந்துடறேங்க’ என்று கேட்காத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள், உண்மையான விலை வாங்காமல் இப்படி மாற்றிய சொத்தை ரிசீவர் கேட்டு நீதிமன்றம் ரத்து செய்யலாம். கடன் கொடுத்த ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டி மூன்று மாதத்துக்குள் கொடுத்ததும் அப்படியே. வீடும் போகும், மனுவின் மீதிருந்த நம்பிக்கையும் போகும். மனைவி பத்திரத்தோடு கூண்டில் ஏறி நிற்க வேண்டி வரும்.

பத்திரம் எழுதச் சொல்லி யோசனை கொடுத்த வக்கீலின் பெயரும் அந்தக் குறுக்கு விசாரணையில் வரும். அது உங்கள் பெயராக இருக்கக் கூடாது.

7. விடுதலைத் தேதியை டைரியில் சிவப்பு மையில் எழுதுங்கள்

நொடித்தவர் என்று அறிவிக்கும்போதே, எத்தனை காலத்துக்குள் விடுதலை கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் குறித்துவிடும். அந்தக் காலத்துக்குள் கேட்காவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். அப்புறம் பட்ட பாடெல்லாம் வீண். கடன் கொடுத்தவர் அத்தனை பேரும் மறுபடி வாசலுக்கு வருவார்கள். அறிவிப்பு கிடைத்ததும் ஜெயித்துவிட்டதாக நினைத்து இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, இந்தத் தேதியை மறந்த இளையவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விடுதலை தானாக வருவதும் இல்லை. பிணையில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது தேறும் அளவுக்குச் சொத்து இல்லையென்றால், அது தன் குற்றத்தால் வந்ததல்ல என்று காட்ட வேண்டும். மூன்று வருடக் கணக்குப் புத்தகம் இல்லாதது, சூதாட்டம், அளவு மீறிய ஆடம்பரம் எல்லாம் முழு விடுதலைக்குத் தடை. அணா போய்விட்டது, சட்டத்தில் அந்த எட்டணா இன்னும் நிற்கிறது. செல்போனில் ரம்மி ஆடித் தோற்றவர் வந்தால் இந்த இடத்தை முன்னமே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

விடுதலை கிடைக்கும்வரை அவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ உறுப்பினராக முடியாது. தான் நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலே குற்றம். இதையும் சொல்லியனுப்புங்கள்.

8. குடித்து ஓட்டிய வழக்கை ‘பெட்டி கேஸ்’ என்று சொல்லாதீர்கள்

நான் வந்த காலத்தில் அப்படித்தான் சொல்வோம். 2019 செப்டம்பர் 1க்கு முன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 2,000 ரூபாய் வரைதான். இன்று 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் போலீசார் எடுத்து, தகுதி நீக்கத்துக்கு அனுப்பலாம். லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு உரிமம்தான் சோறு.

ஆள் இறந்துவிட்டால் வழக்கின் முகமே மாறும். அலட்சியத்தால் மரணம் என்ற குற்றத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை தண்டனை. அதோடும் நிற்காமல் போகலாம். 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில் ஒரு கார் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மீது ஏறி ஏழு பேர் இறந்தார்கள். குடித்து ஓட்டினால் உயிர் போகலாம் என்ற அறிவோடு செய்த, கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம் என்பதை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் இந்த வகை வழக்கில் வக்காலத்துப் போடாதீர்கள்.

9. எண்ணைப் பாருங்கள், நேரத்தைப் பாருங்கள், தாளைப் பாருங்கள்

குடித்தவருக்காக ஏன் வாதாட வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். குடியை நாம் ஆதரிக்கவில்லை. ஒருவரைத் தண்டிக்கும் முன் அரசு தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்று கேட்பவர் ஒருவர் வேண்டும். இன்று இதைக் கேட்காவிட்டால், நாளை இருமல் மருந்து குடித்துவிட்டு வந்தவரும் மாட்டுவார்.

கேட்க வேண்டியவை இவை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் 185ஆம் பிரிவு பொருந்தும். ‘வாயில் மது வாசனை வந்தது’ என்று மருத்துவர் எழுதிய சீட்டு மட்டும் எண்ணாகாது. ஊதச் சொன்ன காவலர் சீருடையில் இருந்தாரா? கருவியின் தாளில் நேரமும் வண்டி எண்ணும் பொருந்துகின்றனவா? கருவி கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது? அச்சுத் தாள் மின்னணுச் சான்று என்றால் அதற்குரிய சான்றிதழ் இருக்கிறதா? வாய் கொப்பளிக்கும் மருந்தின் ஆல்கஹால் வாயில் சற்று நேரம் தங்கும். ஊதுவதற்கு முன் கொஞ்ச நேரம் காத்திருந்தார்களா?

கைது செய்திருந்தால், கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 202ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இரவு பத்தரைக்குக் கைது, ஒன்றரைக்குப் பரிசோதனை என்று மருத்துவமனைச் சீட்டில் இருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஊத மறுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். நியாயமான காரணமில்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று 205ஆம் பிரிவு சொல்கிறது.

10. குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஒரு வாதம்தான். ஆனால் யோசித்துச் செய்யுங்கள்

தாள் எல்லாம் சரியாக இருந்து, ஆள் குடித்ததும் உண்மை, யாருக்கும் காயமில்லை என்றால், ஒப்புக்கொண்டு, குடும்ப நிலையை நீதிபதியிடம் சொல்லி, சிறை இல்லாமல் அபராதத்தோடு முடிக்கக் கேட்பது நேர்மையான தற்காப்பு. இல்லாத ஓட்டைகளைத் தேடி இரண்டு வருடம் வாய்தா வாங்குவது தற்காப்பு இல்லை.

ஆனால் யாராவது காயப்பட்டிருந்தால், அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று அவசரப்படுபவரைத் தடுத்து உட்கார வையுங்கள். இங்கே ஒப்புக்கொண்டது நாளைக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவருக்கு எதிரான சான்றாக வரும். முதல் நாள் சொல்லும் ஒரு சொல்லுக்கு இரண்டு நீதிமன்றங்களில் விலை உண்டு.

வேறு ஒருவர் ஓட்டியதாகக் காட்டலாமா என்று கேட்பார்கள். ‘தம்பி ஓட்டுனான்னு சொல்லிடலாங்களா?’ கூடாது. அந்தத் தம்பியையும் பொய்ச் சாட்சியத்துக்கு இழுத்து, இரண்டு வீட்டைக் கெடுப்பீர்கள். விபத்து நடந்த இடத்தில் நின்று, காயப்பட்டவரை மருத்துவமனைக்குச் சேர்க்க வேண்டும் என்பது ஓட்டியவரின் கடமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. தாமதமாகத் தொலைபேசியில் உங்களை அழைத்தாலும், முதலில் ‘108க்குச் சொன்னீர்களா’ என்று கேளுங்கள்.

11. குடியில் ஏற்பட்ட காயத்தை மஞ்சள் கடுதாசி கழுவாது

இதுதான் என் பிழை. 1990களில் பள்ளிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் வந்தார். எட்டுத் தறி. நூல் விலை ஏறி, துணி தேங்கி, கடன் கழுத்தை நெரித்தது. குடி அதற்குப் பிறகு வந்தது. ஒரு இரவு பாவு இறக்கிவிட்டு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வரும்போது, சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போன ஒருவர் மீது மோதினார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். வண்டியின் இன்சூரன்ஸ் நான்கு மாதம் முன்பே காலாவதியாகியிருந்தது. பிரீமியம் கட்டக் காசில்லை.

குற்ற வழக்கில் அவரை ஒப்புக்கொள்ள வைத்து, அபராதம் கட்ட வைத்தேன். பிறகு ஐ.பி. போட்டேன். கடன் பட்டியலின் கடைசியில் ‘விபத்து இழப்பீடு’ என்று ஒரு வரி சேர்த்து, ‘இதுவும் இதோடு போயிடும், கவலைப்படாதீங்க’ என்று சொன்னேன். அவர் என்னை நம்பினார்.

பால்காரரின் வக்கீல் எழுந்து ஒரே ஒரு பிரிவைப் படித்தார். ஒப்பந்தத்தாலோ நம்பிக்கை மோசத்தாலோ அல்லாமல் வந்த, இன்னும் தொகை முடிவாகாத இழப்பீட்டுக் கோரிக்கையை ஐ.பி.யில் கடனாக நிரூபிக்க முடியாது. அது மாகாண நொடிப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. நிரூபிக்க முடியாத கடனிலிருந்து விடுதலையும் கிடையாது. நீதிபதி என் வரியை அடித்தார். தீர்ப்பாயம் தொகையையும் வட்டியையும் முடிவு செய்தபோது, என் கட்சிக்காரர் ஒப்புக்கொண்ட வாக்குமூலமே முதல் சான்றாக வந்தது. கட்டாவிட்டால் நில வரிப் பாக்கியைப் போல வசூலிக்க வழி இருந்தது. என் வாக்கை நம்பி அவர் சமாதானம் பேசாமல் விட்ட இரண்டு வருடத்துக்கும் சேர்த்து வட்டி ஏறியிருந்தது. அந்தப் பிரிவைப் படிக்காமல் வாக்குக் கொடுத்தவன் நான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நியாயம் இல்லை. அமெரிக்காவில் திவால் ஆவது நம் ஊரைவிட எளிது. அங்கேயும் குடித்து ஓட்டி ஏற்படுத்திய மரணத்துக்கும் காயத்துக்கும் தர வேண்டிய பணம் திவாலில் அழியாது. 1984 முதலே அது சட்டம். நம் 2016 சட்டத் தொகுப்பும் நீதிமன்ற அபராதத்தையும் அலட்சியத்துக்கான இழப்பீட்டையும் விலக்கப்பட்ட கடனாக வைத்திருக்கிறது. வியாபாரத்தில் தோற்றவருக்கு உலகம் இன்னொரு வாய்ப்புத் தருகிறது. அடுத்தவர் காலுக்கு ஈடு கொடுப்பதிலிருந்து விடுவிப்பதில்லை. இது சரி என்றே நான் நினைக்கிறேன்.

12. எதிர்க்கட்சி நாற்காலியையும் பாருங்கள்

குடித்து ஓட்டிய வழக்கை எடுத்ததும், காயப்பட்டவர் யார், எந்த மருத்துவமனை, வீட்டில் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று அன்றைக்கே பாலிசியைப் பாருங்கள். பாலிசி இருந்தாலும், குடிபோதை நிறுவனத்துக்கு ஒரு தற்காப்பு. காயப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. அப்போது அந்தச் சுமை மறுபடி உங்கள் கட்சிக்காரர் தலையில்தான் வரும். ஆகவே சமாதானத்துக்கு வழி இருந்தால், லோக் அதாலத்தில் சீக்கிரம் பேசி முடிப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் தொடர்ந்த வழக்கில்தான், 2016 டிசம்பரில் நெடுஞ்சாலைகளை ஒட்டிய மதுக்கடைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அது சில இடங்களுக்குத் தளர்த்தப்பட்டது உண்மை. ஆனாலும் குற்றவாளியைக் காப்பதோடு நம் தொழில் முடிந்துவிடாது என்பதற்கு அந்த வழக்கை நினைவில் வையுங்கள்.

13. நொடித்தவரைக் கடன் வாங்கி ஃபீஸ் கொடுக்க வைக்காதீர்கள்

கடனாளி உங்களுக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வாரவட்டிக்கு வாங்கியது என்றால் திருப்பிக் கொடுங்கள், தவணையில் வாங்குங்கள், ரசீது கொடுங்கள். தகுதி உள்ளவர் என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு நீங்களே அழைத்துப் போங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டம் பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், காவலில் இருப்பவருக்கும், குறைந்த வருமானம் உள்ளவருக்கும் இலவச வக்கீலைத் தருகிறது. இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை உங்கள் மேசையில் எழுதி ஒட்டுங்கள்.

14. கோர்ட் தீர்க்காததையும் கேளுங்கள்

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டி தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, கடனாளி யார் வந்தாலும் ‘சாகணும்னு எப்பவாவது தோணுச்சுங்களா’ என்று நேராகக் கேட்கிறேன். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்டவர்களில் பலர் அழுதிருக்கிறார்கள். அழுத பிறகு பேசியிருக்கிறார்கள். மனநல உதவிக்கான 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

குடியும் அப்படித்தான். அபராதத்தால் தீர்கிற நோய் அது இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் குடிநோய்ச் சிகிச்சைக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கிய காலத்தில், அதை நோய் என்று சொன்னாலே பலர் ஏற்க மாட்டார்கள். இன்று அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சை இருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் கட்சிக்காரரின் மருத்துவச் சீட்டை, தண்டனை பற்றிப் பேசும் நாளில் நீதிபதி முன் வையுங்கள். நான் வாங்கிய நல்ல உத்தரவுகளில் சில, சட்டப் புள்ளிகளைவிட அந்தச் சீட்டுகளால் வந்தவை.

15. பொய் ஆறுதல் சொல்லாதீர்கள், கூட இருங்கள்

அந்த விசைத்தறிக்காரரிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. ‘அப்ப எவ்வளவு கட்டணும்னு மட்டும் சரியாச் சொல்லுங்க வக்கீலய்யா’ என்றார். தறிகள் ரிசீவர் கையில் விற்றுப் போயின. வேறொருவர் தறியில் கூலிக்கு ஓட்டினார். விடுதலைத் தேதியை நான் மறக்கவில்லை. வியாபாரக் கடன்களிலிருந்து விடுதலை வாங்கிக் கொடுத்தேன். பால்காரர் தரப்போடு பேசி, இழப்பீட்டை மாதத் தவணையாகக் கட்ட ஒப்பந்தம் போட்டோம். அதற்கு நான் ஃபீஸ் வாங்கவில்லை.

ஒன்பது வருடம் கட்டினார். கடைசித் தவணை கட்டிய அன்று, பகல் பன்னிரண்டு மணிக்கு, வெளிச்சத்தில், என் அலுவலகத்தின் முன் வாசல் வழியாக வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல், சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். அதில் பால்காரர் கையெழுத்து இருந்தது. பிறகுதான் உட்கார்ந்தார்.

பிள்ளைகளே, நம்மிடம் தலைகுனிந்து வருபவரை இப்படி வெளிச்சத்தில் வர வைப்பதுதான் நம் வேலை. சட்டப் பிரிவுகளைச் சரியாகப் படியுங்கள். அதற்குப் பிறகு வாக்குக் கொடுங்கள்.